எண்ணூற்றிப் பதினாறு வாசல்

பவளங்குறிச்சியில் ஆனி மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமையிலிருந்து, பேரூராட்சி ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாறாத எதுவும் ஊரிலும் மாறுவதில்லை என்று ஆகிப்போனது. ஏன் இப்படி என்று ஊரில் ஒருத்தரும் மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை, கசக்கி ஆகப்போவது என்ன? வடக்குத் தெரு ஐயம்பெருமாள் வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டு ஏணியை விட்டு இறங்கிப் பார்த்தால் சுவர் பழைய மஞ்சளிலேயே நின்றது. ரிட்டயர் ஆகி மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்த கணக்கு வாத்தியார் பிச்சையாவின் கால்கள் மறுநாள் மணி ஒன்பது அடித்ததும் அவரைக் கேட்காமலே பள்ளிக்கூடத்துக்கு நடந்தன. மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்கு வீடு மாறின தையல்காரி அந்தோணியம்மாள் பொழுது சாய்ந்தால் பழைய வீட்டு வாசலிலேயே போய் நின்றாள், அங்கே புதிதாகக் குடிவந்தவர்களும், என்ன செய்ய, அவளுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். எல்லாரும் ஆபீசுக்கு வந்து மனு எழுதிக் கொடுத்து, நம்பர் வாங்கிக்கொண்டு, தங்கள் மாற்றத்துக்காகக் காத்திருந்தார்கள்.

காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு மாற்றத்தை எழுதி முடிக்க அரை நாள் எடுத்தது. ஊருக்குள் நாளைக்கு ஐந்து மாற்றம் வரும், எழுதி முடிவது ரெண்டு. மிச்சம் மூணும் வரிசையில் போய் நிற்கும். அரை நாளும் என்னதான் செய்தது என்றால், வாசல் வாசலாகப் போய்க் கதவைத் தட்டியது. டக், டக், கொஞ்சம் விட்டு, டக். திறந்து பார்த்தால் ஆள் இருக்காது. ஆனால் ‘ஐயம்பெருமாள் வீடு இனி நீலம்’ என்பது திறந்தவர் மனசுக்குத் தெரிந்துபோயிருக்கும். எண்ணூற்றிப் பதினாறு வாசலும் தட்டி முடித்த பிறகுதான் ஐயம்பெருமாள் வீட்டுச் சுவர் நீலமாகும்.

இதற்கெல்லாம் ஊர் பழக எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஆடி பிறப்பதற்குள் பழகிவிட்டது. “சாப்டாச்சா?” என்று கேட்டவர்கள் “ஒங்க நம்பர் எத்தனை?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் தினமும் ஓடுகிற நம்பரைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப்போட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே ‘ஆபீசில் ஏறும் நாளுக்கு உட்பட்டது’ என்று அச்சடித்தார்கள். தாலி கட்டினால் மூணு முடிச்சும் தானாக அவிழ்ந்து மடியில் விழும், சரி, பிறகு பார்த்துக்கலாம் என்று பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டுப் போனார்கள். தை மாசம் செத்துப்போன எண்பத்தெட்டு வயசு வெள்ளையப்பத் தாத்தா, மாலை விழுந்து, அழுகை ஓய்ந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறின பிற்பாடு கண்ணைத் திறந்து, “என் நம்பர் எத்தனைவே?” என்று கேட்டார். நானூற்றி எழுபது என்றதும், “அப்ப ஒரு வாய் காப்பி போடச் சொல்லு” என்றார். அவர் வீடு ஊரின் கடைசி வாசல், எண்ணூற்றிப் பதினாறாவது.

அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருந்தவள் பிரம்மசக்தி. வயசு முப்பத்துநாலு, ஒன்பது வருஷமாக ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்றாலும் அந்த நாற்காலி அவளுடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. சேர்ந்த வருஷம்தான் ஊர்ப் பதிவெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. பவளங்குறிச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்த வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும், குற்றாலலிங்கம் வீட்டார் தாம்பூலத் தட்டெடுத்து, பிள்ளையார் கோயிலை ஒட்டின முதல் வாசலில் தொடங்கிக் கடைசி வாசல்வரை போய்ச் சொல்லியாக வேண்டும். ஒரு வாசல் விட்டுப்போனாலும் அந்தக் காரியம் நடந்ததாகவே ஊர் ஒப்புக்கொள்ளாது. ‘எங்களுக்குச் சொல்லாம மெஷின் எப்படி எழுதும்?’ என்று ஊர் அன்றைக்கு மல்லுக்கு நின்றபோது, இருபத்தைந்து வயசுப் பிரம்மசக்தி ஒரே வாரத்தில் அந்த வழக்கத்தையே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வீட்டுப் பதிவு மாறினால் எண்ணூற்றிப் பதினாறு வீட்டுப் பதிவிலும் ‘சொல்லியாச்சு’ என்று எழுது! ஊர் கூடிப் பொன்னாடை போர்த்தியது. அந்தப் போட்டோ இன்றைக்கும் அவள் வீட்டு நடுச்சுவரில் தொங்குகிறது, அவளும் தினமும் தூசி துடைக்கிறாள், பெருமை இருக்காதா பின்னே.

ஆகவே கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். கரண்ட்டைச் சொல்லுவாள், வயரைச் சொல்லுவாள், எலியைச் சொல்லுவாள். செயல் அலுவலர் பால்துரை சார் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்து, அவர் சொல்கேட்டு முன்னைவிட நாலு மடங்கு பலமுள்ள மெஷினை வாங்கிப்போட்டார். அதுவும் அதே வழியில்தான் போனது, அரை நாளில் கால் மணி நேரம்தான் குறைந்தது; ஆனால் தட்டு பலமாகி, கார்த்திகைக்குள் முப்பத்தேழு வீட்டில் கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. தச்சு ஆசாரிகளுக்கு நல்ல வேலை.

இப்படியே போயிருந்தால் ஊரும் தன் பாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் பிரம்மசக்தியின் தம்பி சிவனணைஞ்சான் பெண்டாட்டி உலகம்மை மார்கழியில் பிள்ளை பெற்றிருக்க வேண்டியவள், மாசி முடியப்போகிறது, இன்னும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வீட்டுப் பதிவில் ‘நபர்கள் மூன்று’ என்றிருப்பது நாலாக வேண்டும், அப்போதுதான் பிள்ளை வரும். மற்றக் கர்ப்பிணிகள் தாய்வீட்டுக்குப் போய் அந்தந்த ஊர்ப் பதிவில் பெற்றுக்கொண்டு வந்தார்கள். உலகம்மைக்குத் தாய்வீடே பவளங்குறிச்சியில் அடுத்த தெரு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்குப் படுக்கவைத்து மயக்க ஊசி போட்டால் உலகம்மை முழித்திருந்தாள், ஊசி போட்ட டாக்டர் தூங்கிப்போனார். ரெண்டு தடவை அப்படி ஆனதும், தூங்காத ஒரு டாக்டரம்மா அக்காவையும் தம்பியையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: “பிள்ளை நல்லாத்தான் இருக்கு. தாய் தாங்க மாட்டா. இன்னும் பத்து நாள், அதுக்கு மேல என் கையில இல்ல.”

வரிசையில் உலகம்மைக்கு முன்னால் இருநூற்றித் தொண்ணூறு பேர். நாளைக்கு ரெண்டு என்றால் ஆவணி வந்துவிடும்.

“அக்கா, நீ ஒக்காந்திருக்க இடத்துல ஒரு வரிய மேல தூக்கிப் போட எவ்வளவு நேரமாகும்?” என்றான் சிவனணைஞ்சான், சோறு இறங்காமல். பிரம்மசக்தியும் அதையே யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், பொய் சொல்வானேன். பால்துரை சார் கூட, “நான் ஃபேன் பாத்துக்கிட்டு இருக்கேம்மா, நீ என்ன செஞ்சாலும் எனக்குத் தெரியாது” என்று சொல்லியிருந்தார்.

உலகம்மைதான் ஒரே வெட்டாக வெட்டினாள். சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: “மதினி, எனக்கு முன்னால நிக்கது யாரு? அந்தோணியம்மா நிக்கா. வாத்தியார் நிக்காரு. கட்டின தாலி நிக்காம ஒம்பது பிள்ளைக நிக்கி. எம்பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போவும்போது, இது குறுக்க பூந்து பொறந்ததுன்னு ஒரு சொல்லு வரக் கூடாது. வரிசைல வரட்டும். வரிசைய நீங்க வெரசா ஓட்டுங்க.”

“ஓட்ட முடிஞ்சா ஓட்ட மாட்டனாட்டி!” என்று கத்திவிட்டாள் பிரம்மசக்தி. கத்தினதும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் வரிசையில் முதலாவதாக நின்ற மாற்றத்தை ஓடவிட்டுவிட்டு, அவள் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்து உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினொரு மணி சுமாருக்கு அவர்கள் வாசலில் தட்டு கேட்டது. டக், டக், கொஞ்சம் விட்டு, டக்.

பிரம்மசக்தி எழுந்து நின்றாள். தட்டு ஓடுகிற நேரமெல்லாம் அவள் ஆபீசில் இருந்தவள், ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் தட்டுவாள், ரெண்டு தட்டி, உள்ளே செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து, மூணாவது தட்டுவாள்.

“இது என் தட்டுல்லா?” என்றாள்.

“ஊருக்கே தெரியும் மதினி,” என்றாள் உலகம்மை. “நம்ம பிரம்மசக்தி வந்துட்டான்னுதான் எல்லாரும் கதவு தெறக்காவ. ஒங்களுக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தத் தட்டின் பின்னாலேயே கிளம்பினாள். உச்சி வெயிலில் புழுதியில் காலடி மட்டும் தெரிந்தது, அவள் காலடியேதான், இடது பாதம் கொஞ்சம் வெளியே சாய்ந்து. அடுத்த வாசலைத் தட்டினதும் அது அதற்கடுத்த வாசலுக்குப் போகவில்லை. திரும்பி, ஒன்பது தெரு தாண்டி ஆபீசுக்கே போனது. அங்கே அலமாரிக்குள் கரகரவென்று பதினொரு பட்டியல்களைத் திருத்தி எழுதியது. வந்துபோன செயல் அலுவலர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டு அவள் மறுக்காமல் போட்டுக்கொடுத்தவை அவை, கூரை வாரியாக ஒன்று, கிணறு வாரியாக ஒன்று, மாடு வாரியாக ஒன்று, கேட்டவர்கள் மாற்றலாகிப் போன பின் ஒரு மனுஷன் திறந்து பார்க்காதவை. எழுதி முடித்து, மறுபடி பிள்ளையார் கோயில் முதல் வாசலுக்கு வந்து, இதுவா என்று நின்று பார்த்து, இல்லை என்று ரெண்டாவதுக்குப் போய், இதுவா, இல்லை, மூணாவது, இதுவா, இல்லை என்று நானூறு வாசலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தட்ட வேண்டிய வாசலைக் கண்டுபிடித்தது. ஒரு தட்டு. திரும்ப ஆபீஸ். ஒரு சேதிக்கு எண்ணூற்றிப் பதினாறு தடவை.

பாவி, நானா இப்படி நடக்கச் சொன்னேன் என்று நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். நடக்கச் சொன்னது அவள்தான். கம்ப்யூட்டருக்கு அவள் எழுதிக்கொடுத்த அந்த நாலு வரிக்குத்தான் பொன்னாடை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் ஊர் கூடியது. பிரம்மசக்தி பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்தாள். “தப்பு மெஷின் மேல இல்ல, எலி மேலயும் இல்ல. நான் எழுதினதுதான் தப்பு,” என்றாள். “இதுவரைக்கும் ஒரு சேதியச் சொல்ல ஊரச் சுத்தி, அடுத்த சேதிக்கு மறுபடி சுத்துது. இனி வரிசைல நிக்க ஐந்நூத்தி நாப்பத்தி மூணு சேதியையும் ஒண்ணா எடுத்துக்கிட்டு ஒரே சுத்து சுத்தட்டும். ஒரு வாசலுக்கு ஒரு தட்டு. உங்க சம்மதம் வேணும்.”

குற்றாலலிங்கம் எழுந்தார். ஏழு தலைமுறையாகத் தாம்பூலத் தட்டெடுத்த வீட்டு மனுஷன், மீசையைத் தடவாமல் பேச மாட்டார். “ஒரு சேதிக்கு ஒரு நடை. அதான் இந்த ஊரு மரியாதை. மூட்டையக் கட்டித் தூக்கிட்டு வந்து வாசல்ல கொட்டுறதுக்கு இது என்ன காய்கறிச் சந்தையா?” என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். உலகம்மையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்திருந்தான் சிவனணைஞ்சான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குற்றாலலிங்கத்தையே பார்த்தாள்.

“சரி சித்தப்பா,” என்றாள் பிரம்மசக்தி. “வைகாசியில ஒரே முகூர்த்தத்துல நாலு கல்யாணம் வருதுல்லா? அன்னைக்கு எத்தனை நடை நடப்பிய?”

அவர் மீசையில் வைத்த கை அங்கேயே நின்றது. “அது வந்து...” என்றார்.

அவர் பெண்சாதி கோலம்மாள் பெண்கள் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். “சொல்லுங்களேன்! நாலு நடை நடந்தா இவுக முட்டி என்னத்துக்கு ஆவும்? நாலு தாம்பூலத்தையும் ஒரே தட்டுல அடுக்கி ஒரே நடைதான். நாந்தானே அடுக்குதேன்!”

சைக்கிள் ஸ்டாண்டே சிரித்தது. வெள்ளையப்பத் தாத்தா சிரித்த சிரிப்பில், செத்தவருக்கு இவ்வளவு ஆகாது என்று மருமகள் அதட்டினாள். குற்றாலலிங்கம் முகம் சிவந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆனா ஒண்ணு,” என்றார். “தட்டு ஒண்ணா இருக்கலாம். ஒவ்வொரு சேதிக்கும் தனி வெத்தல, தனிப் பாக்கு. ஒண்ணோட ஒண்ணு கலந்துரக் கூடாது.”

“கலக்காது சித்தப்பா. எம்பொறுப்பு.”

ஆறு நாள் அவள் ஆபீசை விட்டு அசையவில்லை. பதினொரு பட்டியலையும் எடுத்து எறிந்தாள். அவற்றுக்குப் பதிலாக வாசல் நம்பர்ப்படி ஒரே ஒரு பட்டியல், கேட்டதும் கையைப் பிடித்து நேரே அந்த வாசலில் கொண்டுபோய் விடுகிற மாதிரி. வாசலுக்கு வாசல் ஆபீசுக்குத் திரும்பி ஓட வேண்டாம், தெரு முடிந்தால் ஒரு தடவை எழுதிவைத்தால் போதும். காரியமும் கடைசி வாசல்வரை காத்திருக்க வேண்டாம், அவரவர் வாசலைத் தட்டினதும் நடந்துவிடும். தெருவுக்குப் பாதியில் கரண்ட் போனால் அந்தத் தெரு முழுக்கப் பழையபடிக்குத் திரும்பிவிட வேண்டும், பாதி நீலச் சுவரும் பாதி பிறந்த பிள்ளையும் ஊருக்கு ஆகாது. முதலில் பத்துத் தீப்பெட்டிகளை வாசலாக அடுக்கி, அவற்றுக்குப் பொய்ப் பேர் வைத்து, கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்தாள். முதல் தடவை ஒரு தீப்பெட்டியில் ரெண்டு மாப்பிள்ளை வந்துவிட்டார்கள். திருத்தினாள். இருபத்திரெண்டாவது தடவை பத்துப் பெட்டியும் டக், டக், கொஞ்சம் விட்டு டக் என்று வரிசையாகத் தட்டின. வேணுமானால் அந்தத் தட்டை மாற்றியிருக்கலாம். மாற்ற மனசு வரவில்லை.

ஏழாம் நாள் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, பால்துரை சார் மின்வாரியத்துக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் கரண்ட்டைத் தொடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வர, ஊர் முழுக்க அவரவர் கதவுக்குப் பின்னால் நிற்க, நானூற்றிரெண்டாம் வாசலுக்குள்ளே பாயில் படுத்து உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, பிரம்மசக்தி பிள்ளையாரை நினைத்துக்கொண்டு விசையை அழுத்தினாள்.

முதல் வாசல் தட்டியது, அடுத்தது தட்டியது, தட்டு ஆபீசுக்குத் திரும்பவில்லை, நேரே போனது, பிள்ளையார் கோயில் தெரு முடிந்து வடக்குத் தெருவுக்குள் நுழைந்தது, திறந்த கதவுக்காரர்கள் வரிசையில் நின்ற சேதி அத்தனையையும் ஒரே மூச்சில் தெரிந்துகொண்டு ‘அட, அவளுக்கா!’, ‘அவன் வீட்டுலயா!’ என்று எதிர்வாசலைப் பார்த்துக் கத்த, பெயின்ட் அடித்த சுவரெல்லாம் பச்சையும் ரோஸுமாகத் துலங்க, பள்ளிக்கூட வாசலில் நின்ற பிச்சையா வாத்தியாரின் கால்கள் அப்பாடா என்று வீட்டுப்பக்கம் திரும்ப, மடியில் கிடந்த தாலிகள் எழுந்து கழுத்தில் மூணு முடிச்சும் போட்டுக்கொள்ள, அந்தோணியம்மாள் இனி எனக்கு உலை வைக்காதீங்க என்று சொல்லிக் கீழத்தெருவைப் பார்த்து நடக்க, தட்டு நானூறு, நானூற்றொன்று, நானூற்றிரெண்டு என்று உலகம்மை வாசலுக்கு வந்து, ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, காது கொடுத்து நின்று, மூணாவதைத் தட்டியது.

உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அழுகையோடு சேர்த்து அந்தச் சேதியையும் தூக்கிக்கொண்டு தட்டு மிச்ச வாசல்களைக் கடந்து கடைசி வாசலுக்கு வந்தபோது, குளித்துத் திருநீறு பூசிக் கட்டிலில் தயாராகப் படுத்திருந்தார் வெள்ளையப்பத் தாத்தா. ஊர்ச் சேதி முழுக்க ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். “பொம்பளப் பிள்ளையா? நல்லாருக்கட்டும்,” என்றார். அதற்குப் பிறகு அவர் காப்பி கேட்கவில்லை.

ஆபீஸ் திரையில் எண்ணூற்றிப் பதினாறு வரிகள் எழுதப்பட்டன, நேரம் பதினோரு நிமிஷம் என்று விழுந்தது. பால்துரை சார் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். வாசலில் குற்றாலலிங்கம் வந்து நின்றார், கையில் பெரிய தாம்பூலத் தட்டு, அதன்மேல் மேசையில் அவள் மடித்து வைத்துப்போன பொன்னாடை. “இதத் திருப்பிக் குடுக்க ஒனக்கு யாருட்டி ரைட்டு குடுத்தா? ஊரு போட்டது ஊரு போட்டதுதான்,” என்று அதட்டி, அவள் தோளில் போர்த்திவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

அவள் பொன்னாடையோடே ஓடினாள். பன்னிரெண்டு மாசம் சுமந்த பிள்ளை, பிடரிவரை முடி, கீழே ரெண்டு பல்லு. உலகம்மை வேர்த்து நனைந்து, ராணி மாதிரி சாய்ந்து கிடந்தாள்.

“மதினி, நல்லாக் கேட்டுக்கோங்க,” என்றாள். “எம்மவ இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. வரிசைல வந்தவ.”

பிரம்மசக்தி பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாசக்கணக்கில் வயிற்றுக்குள் கிடந்து தினம் ரெண்டு தடவை கேட்டுக் கேட்டுப் பழகின பிள்ளை, சின்ன முஷ்டியை மடக்கி, அத்தையின் மாரில் தட்டியது. டக், டக். கொஞ்சம் விட்டு, டக்.

“இந்தா வந்துட்டேன்,” என்றாள் பிரம்மசக்தி, கண்ணீர் பொன்னாடையெல்லாம் வடிய. “தெறந்துட்டேன்டி என் தங்கம், தெறந்துட்டேன்.”